காலும் நாவும்

1

புத்தகயாவில் ஒரு பத்து நாள் தியான முகாம். ஆண்களுக்கான நடைபாதைகள் முன்பக்கத்து மாந்தோப்பில் இருந்தன. பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது சமையற்கூடத்தின் பின்புறம், மதிலை ஒட்டிய ஒரு துண்டு நிலம். பாதுகாப்புக்காக இந்த ஏற்பாடு என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பேசக் கூடாது என்ற விதி அதற்குள் அமலுக்கு வந்திருந்தது.

நடைத் தியானம் செய்முறையில் எளிமையானது. இருபது முப்பது தப்படி நீளமுள்ள நேர்ப்பாதை ஒன்று போதும். கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, பார்வையைச் சில அடி தள்ளித் தரையில் வைத்து, மெல்ல நடக்க வேண்டும். பாதம் எழுவது, நகர்வது, பதிவது ஆகிய மூன்றின் மீது மட்டுமே கவனம் இருக்க வேண்டும். பாதை முடிந்ததும் நின்று, திரும்பி, மறுபடி நடக்க வேண்டும். எங்கும் போய்ச் சேருவதற்கான நடை அல்ல இது. பாலியில் இதைச் சங்கமனம் என்கிறார்கள். அங்குத்தர நிகாயம் இதற்கு ஐந்து பலன்களைப் பட்டியலிடுகிறது: நெடுவழி நடக்கும் திறன், முயற்சியில் தளராமை, நோயின்மை, நல்ல செரிமானம், எளிதில் கலையாத மன ஒருமை. ஞானம் பெற்ற பிறகு மூன்றாவது வாரம் முழுவதும் புத்தர் போதி மரத்துக்குப் பக்கத்தில் இப்படி நடந்துகொண்டிருந்தார் என்பது மரபு. மகாபோதிக் கோயிலின் வடபுறத்தில் ஒரு நீண்ட மேடையும், அவர் அடிவைத்த இடங்களைக் குறிக்கும் கல் தாமரைகளும் இன்றும் உள்ளன.

கேலி செய்வதற்காக நான் இதை எழுதவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் குதிகாலின் வலி, பாதத்தின் சூடு, மண்ணின் குளிர்ச்சி எல்லாம் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. ஐம்பது வயதுக்கு அருகில் வந்துவிட்ட ஒரு பெண், தன் கால்களை வேலைக்கு ஓடுவதற்கான கருவியாக மட்டுமே அறிந்தவள், முதன்முறையாக அவற்றை உணர்ந்தாள் என்று சொன்னால் அதில் மிகை இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து எவருக்கும் காபி போடாமல், நடப்பதற்காக மட்டும் நடப்பது எவ்வளவு பெரிய சலுகை என்பது பெண்களுக்குத் தெரியும். அந்தச் சலுகையை எனக்குக் கொடுத்த ஒரு பயிற்சியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதனாலேயே அதைக் கேள்வி கேட்கும் உரிமையும் எனக்கு உண்டென்று நினைக்கிறேன்.

மாலையில் ஓதல். முதலில் மும்மணிகளிடம் சரணம், பிறகு ஐந்து சீலங்கள், அடுத்து மெத்த சூத்திரம். கடைசியாக உடலின் முப்பத்திரண்டு கூறுகள்: தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல் என்று தொடங்கி எலும்பு, மஜ்ஜை, குடல், பித்தம், சீழ், இரத்தம், வியர்வை, கண்ணீர், சளி, சிறுநீர் என்று போகும் நீண்ட பட்டியல். கொடுத்த பிரதி தேவநாகரியில் இருந்தது. நான் என் குறிப்பேட்டில் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு ஓதினேன். க, ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒவ்வோர் எழுத்துதான் என்பதால் என் உச்சரிப்பு அடிக்கடி கூட்டத்திலிருந்து பிசகியது. ஆனாலும் நூறு குரல்கள் ஒன்றாக எழும்போது நம் குரல் தனியாகக் கேட்காமல் போவதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. பொருள் தெரியாமலே அந்த ஆறுதல் கிடைத்துவிடுகிறது. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

2

நான்காம் நாள் இரவு உரையில், அந்த முப்பத்திரண்டு கூறுகளை ஏன் ஓதுகிறோம் என்று விளக்க ஆசிரியர் ஒரு கதை சொன்னார். ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கத்தில் வரும் கதை அது.

மகாதிஸ்ஸர் என்ற தேரர் பிச்சைக்காக அனுராதபுரத்தை நோக்கி நடந்து வருகிறார். கணவனோடு சண்டை போட்ட ஒரு பெண், தேவமகளைப் போல அலங்கரித்துக்கொண்டு, அதிகாலையில் நகரத்தை விட்டு உறவினர் வீட்டுக்குப் போகிறாள். வழியில் தேரரைப் பார்த்ததும் உரக்கச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இருந்ததாகப் பிரதி சொல்கிறது. தேரர் நிமிர்ந்து பார்க்கிறார். அவர் கண்ணில் பட்டது அவளுடைய பல் மட்டும். பல்லைக் கண்டதும் எலும்பு நினைவுக்கு வருகிறது, அசுப உணர்வு எழுகிறது, அந்த இடத்திலேயே அருகர் ஆகிவிடுகிறார். பின்னாலேயே அவள் கணவன் தேடிக்கொண்டு வந்து, இந்தப் பக்கம் ஒரு பெண் போனாளா என்று கேட்கிறான். போனது ஆணா பெண்ணா என்று தெரியாது, ஓர் எலும்புக்கூடு இந்தப் பெருவழியில் போகிறது என்கிறார் தேரர்.

கூடத்தில் மெல்லிய சிரிப்பு பரவியது. பாராட்டும் சிரிப்பு. எனக்கு மட்டும் கை நடுங்கியது.

என் இருபத்தாறாவது வயதில் ஒரு விடியற்காலையில் கணவன் வீட்டை விட்டு நடந்து வெளியேறியவள் நான். பேருந்து நிலையம் மூன்று கிலோமீட்டர். கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டியிருந்தேன், இருந்த நகையெல்லாம் போட்டிருந்தேன். பெட்டி எடுத்தால் சத்தம் கேட்கும். வீட்டை விட்டுப் போகும் பெண் எதை எடுத்துப் போக முடியுமோ அதை உடம்பில்தான் எடுத்துப் போகிறாள். புத்தகோசரின் கதையில் வரும் பெண் ஏன் அலங்கரித்துக்கொண்டு கிளம்பினாள் என்று ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக இந்தக் கதையைச் சொல்லிவரும் ஆண்களுக்குத் தோன்றியிருக்காது. எனக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அவள் ஏன் சிரித்தாள் என்பதும் தெரியும். வாசலைத் தாண்டி முதல் திருப்பத்தில் எனக்கும் அப்படி ஒரு சிரிப்பு வந்தது. அது யாரையும் மயக்குவதற்கான சிரிப்பு அல்ல.

பேருந்து நிலையத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை. கடைக்காரர் காசு வாங்காமல் டீ கொடுத்து, பெஞ்சின் மறைவான ஓரத்தில் உட்காரச் சொன்னார். நான் பேருந்து ஏறிய பிறகு என் கணவன் மொபெட்டில் வந்து, இந்தப் பக்கம் ஒரு பொம்பளை போனாளா என்று கேட்டிருக்கிறான். "கவனிக்கலீங்களே, அடுப்புல வேலையா இருந்தேன்" என்றாராம் அவர். பல வருடம் கழித்து அந்த ஊர் வழியாகப் போனபோது அவரே சொன்னார்.

இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டீக்கடைக்காரர் ஒரு பெண்ணைப் பார்த்தார், பார்க்கவில்லை என்று சொன்னார். தேரர் பெண்ணைப் பார்க்கவே இல்லை. ஆனால் அவள் எந்த வழியில் போகிறாள் என்பதைச் சொல்லிவிட்டார். பொய் சொல்லாமை என்னும் சீலம் கெடாமல் காப்பாற்றப்பட்டது. கணவன் அந்த வழியே போயிருப்பான். பிறகு அவளுக்கு என்ன ஆனது என்பதைப் பற்றிப் பிரதிக்கு அக்கறை இல்லை. அவள் வந்த வேலை முடிந்துவிட்டது. ஓர் ஆணின் விடுதலைக்குத் தேவைப்பட்ட பல் கிடைத்துவிட்டது.

3

உடலின் கூறுகளை எண்ணும் அந்தப் பட்டியலே பெண் வெறுப்பு என்று முடிவு கட்டுவது எளிது. பெண்ணியக் கூட்டங்களில் அப்படிச் சொல்லப்பட்டுக் கேட்டும் இருக்கிறேன். அந்த முடிவு போதாது என்று நினைக்கிறேன். சதிபட்டான சூத்திரம் அந்தப் பட்டியலைத் தன் உடலை நோக்கித்தான் திருப்பச் சொல்கிறது. இது என் தோல், இது என் குடல், இது என் சளி. இன்னொருத்தியின் உடலை அருவருக்கும் பயிற்சியாக அது அங்கே இல்லை. பட்டியல் யார் வாயில் இருக்கிறது, யார் உடலைப் பற்றி இருக்கிறது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

தேரிகாதையை எடுத்துக்கொள்வோம். முதிய பிக்குணிகளின் பாடல்கள் எழுபத்துமூன்று கொண்ட தொகுப்பு. உலக இலக்கியத்தில் பெண்களின் குரலைத் தாங்கிய மிகப் பழைய தொகுப்புகளில் ஒன்று. அதில் வைசாலியின் கணிகையாக இருந்த அம்பபாலியும் ஒரு பட்டியல் போடுகிறாள். கூந்தல், புருவம், கண், மூக்கு, பல், கழுத்து, கை, முலை, தொடை, பாதம் என்று ஒவ்வொன்றும் இளமையில் எப்படி இருந்தது, இப்போது எப்படி ஆகிவிட்டது என்று வரிசையாகச் சொல்கிறாள். அதே உறுப்புகள்தாம், ஆனால் பேசுபவள் அந்த உடலின் சொந்தக்காரி. ஊரே விலை பேசிய உடலை அவள் கடைசியாகத் தன் கணக்கில் எண்ணி எடுத்துக்கொள்கிறாள். அந்தப் பாடலில் அருவருப்பைவிட நிதானம்தான் எனக்குக் கேட்கிறது.

நம் மணிமேகலையும் இதைச் செய்திருக்கிறாள். காயசண்டிகை வடிவத்தில் இருக்கும் அவளைப் பின்தொடர்ந்து வரும் உதயகுமரனுக்கு, நரைத்த கிழவி ஒருத்தியைச் சுட்டிக் காட்டி, கூந்தல் முதல் உடல் எப்படி மாறுகிறது என்று உறுப்பு உறுப்பாக விளக்குகிறாள். இங்கே பட்டியல் ஒரு கேடயம். தன்னைத் துரத்தும் இளவரசனின் ஆசையைத் தடுக்க ஒரு பெண்ணின் கையில் இருந்த ஒரே ஆயுதம். ஆனாலும் சுட்டிக் காட்டப்பட்ட அந்தக் கிழவி ஒரு சொல்லும் பேசவில்லை என்பது என்னை உறுத்துகிறது. ஒரு பெண் தப்பிப்பதற்கு இன்னொரு பெண்ணின் உடல் எடுத்துக்காட்டாக ஆகிறது. அனுராதபுரத்துப் பெண்ணுக்கும் இந்தக் கிழவிக்கும் தூரம் அதிகமில்லை.

மணிமேகலைக் காப்பியத்தின் மீது எனக்கு மரியாதை குறையவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் சொன்ன, அட்சயபாத்திரத்தை ஏந்தி ஊர்ப் பசியைத் தீர்த்த பெண்ணைத் தலைவியாக வைத்த காப்பியம் அது. உடலை நிலையாமையின் சான்றாகப் பார்த்தவளே, பசிக்கிற உடலுக்குச் சோறு போடுவதை முதல் அறமாகக் கொண்டாள். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் பட்டியலை மட்டும் தனியாகப் பிரித்து ஓதினால், பௌத்தத்தின் பாதியைத்தான் ஓதுகிறோம்.

மெத்த சூத்திரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லா உயிர்களிடமும் காட்ட வேண்டிய எல்லையற்ற அன்புக்கு அது எடுத்துக்கொள்ளும் உவமை ஒரு தாய். தன் ஒரே மகனைக் காக்கும் தாய். அன்பின் அளவுகோலாகத் தாயை வைத்த மரபு, ஒரு தாய் வந்து வாசலில் நின்றபோது என்ன செய்தது?

4

அந்தத் தாய் மகாபிரஜாபதி கௌதமி. புத்தரை வளர்த்த சிற்றன்னை. சங்கத்தில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று கபிலவஸ்துவில் மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் மறுக்கப்பட்டாள். பிறகு தலைமுடியை மழித்து, காவி உடுத்தி, சாக்கியப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வைசாலிக்கு நடந்தாள். நேர்க்கோட்டில் அளந்தாலே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அரண்மனைப் பெண்களின் கால்கள். வைசாலியில் வாசலுக்கு வெளியே கால் வீங்கி, உடலெல்லாம் புழுதியாக, அழுதுகொண்டு நின்றாள் என்று வினயப் பிரதியே பதிவு செய்கிறது. பௌத்தத்தில் நடைக்கு ஒரு வரலாறு எழுதினால், போதி மரத்தருகே நடந்த அந்த வாரத்துக்கு அடுத்தபடியாக இந்த நடையைத்தான் எழுத வேண்டும். பத்து நாள் உரைகளில் ஒரு முறைகூட அது பேசப்படவில்லை.

ஆனந்தர் குறுக்கிட்டார். பெண்களால் ஞானப் பலன்களை அடைய முடியுமா என்று கேட்டார். முடியும் என்று புத்தர் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலை வைத்துத்தான் கதவு திறந்தது. அதோடு எட்டுக் கடும் விதிகளும் வந்தன. நூறு ஆண்டு துறவியாக இருந்த பிக்குணியும் அன்று துறவேற்ற பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்பது முதல் விதி. பிக்குணி பிக்குவை இடித்துரைக்கக் கூடாது என்பது கடைசி விதி. வணக்கத்தை மூப்பின்படி மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று கௌதமி பின்னால் கேட்டுப் பார்த்தாள். மறுக்கப்பட்டது. இந்த விதிகள் புத்தருடையவையா, பின்னால் சேர்க்கப்பட்டவையா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். விவாதம் நடக்கட்டும். விதிகளைச் சுமந்தவர்கள் பெண்கள் என்பதில் விவாதம் இல்லை.

நடையிலும் விதி வந்தது. பிக்குணி தனியாக ஊர் விட்டு ஊர் போகக் கூடாது, தனியாக ஆற்றைக் கடக்கக் கூடாது, காட்டில் தங்கக் கூடாது. தனியாகப் போன பிக்குணிகள் வன்முறைக்கு ஆளானார்கள், அதனால் தடை. மாந்தோப்புக்கு நடந்து போன சுபா என்ற பிக்குணியை ஒருவன் வழிமறித்து அவள் கண்களைப் புகழ்ந்தபோது, அவள் கண்ணைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தாள் என்கிறது தேரிகாதை. வழிமறித்தவன் ஆண், பாதை சுருங்கியது பெண்ணுக்கு. எங்களுக்கு மாந்தோப்பு கிடைக்காமல் சமையற்கூடத்துப் பின்புறம் கிடைத்ததன் காரணம் அன்று எனக்கு விளங்கியது. பாதுகாப்பு என்ற சொல்லின் வயது இரண்டாயிரத்து ஐந்நூறு.

இருந்தும் அவர்கள் நடந்தார்கள். அசோகரின் மகள் சங்கமித்தை இதே புத்தகயாவின் போதி மரக் கிளையோடு இலங்கைக்குப் போய்ப் பிக்குணிச் சங்கத்தை நிறுவினாள் என்பது மரபு. அந்த இலங்கைப் பிக்குணிகள் கடல் கடந்து சீனம் போய், கி.பி. 433இல் அங்கே பெண்களுக்குத் துறவு அளிக்க உதவினார்கள். இலங்கையில் அந்தச் சங்கம் பதினொன்றாம் நூற்றாண்டில் மறைந்தது. சோழர் படையெடுப்பின் குழப்பத்தோடு அந்த மறைவை வரலாற்றாசிரியர்கள் இணைத்துப் பேசுகிறார்கள். ராஜராஜனையும் ராஜேந்திரனையும் கொண்டாடும் நம் மேடைகளில் இந்தப் பெண்களுக்கு ஒரு வரி கிடைத்ததில்லை. பின்னால் வந்த விஜயபாகு மன்னன் பர்மாவிலிருந்து பிக்குகளை வரவழைத்து ஆண்களின் சங்கத்தை மீட்டான். பெண்களுடையதை யாரும் மீட்கவில்லை. ஒன்பது நூற்றாண்டுகள்.

தாய்லாந்தில் 1928இல், பெண்களுக்கு எந்தப் பிக்குவும் துறவு அளிக்கக் கூடாது என்று சங்கத் தலைமை ஆணையிட்டது. அறுந்துபோன இழையை 1996இல் சாரநாத்தில் குசுமா உள்ளிட்ட இலங்கைப் பெண்கள் கொரியத் துறவியரின் துணையோடு மறுபடி பிடித்தார்கள். 1998இல் இங்கே புத்தகயாவில், தைவானின் ஃபோ குவாங் ஷான் அமைப்பு ஏற்பாடு செய்த நிகழ்வில் பல நாட்டுப் பெண்கள் முழுத் துறவு பெற்றார்கள். சீனத்துக்குக் கொடுத்துவைத்ததைத்தான் இலங்கை திரும்பப் பெற்றது. அனுமதி வாங்காமல் முன்னால் போய்விட்டு, பிறகு சட்டத்தைப் பின்னால் வரவைப்பது கௌதமியின் வழி. மழித்த தலையோடு போய் நின்றாளே, அதுதான்.

5

பத்தாம் நாள் மௌனம் கலைந்தது. சமையற்கூடத்தில் பாத்திரம் தேய்த்த பெண்ணிடம் பேசப் போனேன். பத்து நாளும் நாங்கள் மெல்ல மெல்ல நடந்த பாதையை அவள் தண்ணீர் வாளியோடு ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது குறுக்காகக் கடந்திருப்பாள். நாங்கள் நின்று வழிவிட வேண்டியிருந்தது. சிலர் முகம் சுளித்ததும் உண்டு.

"தீதி, எங்க நடையைப் பார்த்தா உங்களுக்குச் சிரிப்பு வரலையா?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

"முதல்ல வந்துச்சு. அப்புறம் பாவமா இருந்துச்சு. யாருக்கோ உடம்பு சரியில்லாம நடந்து பழகுற மாதிரி" என்றாள். பிறகு, தனக்கு நைரஞ்சனை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் என்றும், மாமியார் பெயரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது என்றும் சொன்னாள். மாமியார் பெயரில் என்பதைச் சற்று அழுத்திச் சொன்னாள்.

ஊர் திரும்பிப் படித்தபோதுதான் அந்த அழுத்தம் புரிந்தது. புத்தகயாவைச் சுற்றிய பல்லாயிரம் ஏக்கர் நிலம் ஒரு சைவ மடத்தின் பிடியில் இருந்தது. உழுதவர்கள் பெரும்பாலும் புயியான் சாதியைச் சேர்ந்த தலித் கூலிகள். 1978 முதல், சாத்ர யுவ சங்கர்ஷ வாஹினி என்ற இளைஞர் அமைப்போடு சேர்ந்து அவர்கள் போராடினார்கள். பெண்கள் முன்வரிசையில் நின்று அடி வாங்கினார்கள். அதே நேரத்தில் கணவன்மாரின் குடியையும் அடியையும் இயக்கத்துக்குள்ளேயே கேள்வி கேட்டார்கள். நிலம் கிடைக்கும் நேரம் வந்தபோது, பட்டா எங்கள் பெயரில் வேண்டும் என்றார்கள். குடும்பத் தலைவன் பெயரில்தான் வழக்கம் என்று அதிகாரிகள் மறுத்தார்கள். அவர்கள் விடவில்லை. 1980களில் சில ஊர்களில் பெண்கள் பெயரிலேயே நிலம் எழுதப்பட்டது. காலும் நாவும் முன்பும் இருந்தன, ஆனால் நிலம் வந்த பிறகுதான் அவற்றுக்கு நடையும் பேச்சும் வந்தன என்ற பொருளில் அந்தப் பெண்கள் சொன்னதை, இயக்கத்தில் இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நடையும் ஓதலும் கற்கத்தான் நான் புத்தகயா போனேன். அந்த இரண்டும் உண்மையில் எப்படி வந்தன என்பதற்கான பாடம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

பயிற்சியை நான் விடவில்லை. மொட்டைமாடியில் காலையில் இருபது தப்படி நடக்கிறேன். முப்பத்திரண்டு கூறுகளையும் ஓதுகிறேன், என் உடலைப் பற்றி மட்டும். ஊருக்குக் கிளம்பும் முன் மகாபோதிக் கோயிலுக்குப் போனபோது பார்த்த ஒரு காட்சி இதற்குத் துணையாக இருக்கிறது. மகாராஷ்டிரத்திலிருந்து வந்த பெண்கள் கூட்டம் ஒன்று, வெள்ளைப் புடவை, தோளில் துணிப்பை, கல் தாமரைகளுக்குப் பக்கத்தில் நின்று சரணங்களை உரக்க ஓதிக்கொண்டிருந்தது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கரோடு பௌத்தம் ஏற்றவர்களின் மகள்களும் பேத்திகளும் அதில் இருந்திருப்பார்கள். வேதம் காதில் விழவே கூடாது என்று விலக்கப்பட்டவர்களின் வாயில் பாலி. எங்கள் முகாமின் தாழ்ந்த, ஒழுங்கான குரல் அல்ல அது. தாளம் தப்பியது. ஒரு கிழவி வேண்டுமென்றே மற்றவர்களைவிடச் சத்தமாக ஓதினாள். ஓதி முடித்ததும் செருப்பு விட்ட இடத்துக்குப் போகும் வழியில் உரக்கச் சிரித்தாள். முன்னால் விழுந்துபோன இரண்டு பற்களின் இடைவெளி தெரிந்தது.

நான் பார்த்தது எலும்பை அல்ல, ஒரு பெண்ணை. அவள் எந்தப் பக்கம் போனாள் என்று யாராவது வந்து கேட்டால், நான் கவனிக்கவில்லை.